வண்டி செய்யும் ஊரில் வழிக்குப் பஞ்சம்!

கவரைப்பேட்டையில் மோதல், திருவள்ளூரில் தீ... ஒன்பது மாத இடைவெளியில் இரண்டு விபத்துகள். சென்னையின் வடக்கு, மேற்கு ரயில் பாதைகளில் என்னதான் நடக்கிறது? ஒரு ரயில் பைத்தியத்தின் பார்வையில் ஒரு சிறப்புக் கட்டுரை.

2024 அக்டோபர் 11. ஆயுத பூஜை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஆலை வாசல்களில் உடைத்த பூசணிக்காயின் குங்குமச் சிவப்பு இன்னும் காயவில்லை. லேத் மெஷினுக்குச் சந்தனம், ஃபோர்க்லிஃப்டுக்கு வாழைக்கன்று, லாரி டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம். பொரியும் கடலையும் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு ஷிப்ட் ஆட்கள் வீடு போய்ச் சேர்ந்திருந்தார்கள். வருஷத்தில் ஒருநாள் இரும்புக்கும் ஓய்வு.

இரவு எட்டரை மணி. கும்மிடிப்பூண்டிக்கு முந்தின ஸ்டேஷன், கவரைப்பேட்டை. மைசூரிலிருந்து பீகாரின் தர்பங்காவுக்குப் போகும் பாக்மதி எக்ஸ்பிரஸ் பொன்னேரியைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. உள்ளே சுமார் 1,360 பேர்.  அந்த வண்டிக்குக் கவரைப்பேட்டையில் நிறுத்தம் கிடையாது. மெயின் லைனில் நேரே போகலாம் என்று பச்சை விழுந்திருந்தது.

ஸ்டேஷன் எல்லைக்குள் நுழைந்ததும் எஞ்சினில் ஒரு பலத்த உலுக்கல். அடுத்த நொடி, நேரே போகவேண்டிய வண்டி பக்கத்து லூப் லைனுக்குள் சுமார் 75 கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்தது. முப்பதில் ஊர்ந்து போகவேண்டிய லைன் அது. அங்கே ஒரு சரக்கு ரயில் நின்றுகொண்டிருந்தது.

மோதலில் பத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் தடம் புரண்டன. எஞ்சினுக்குப் பின்னால் இருந்த பார்சல் வேன் பற்றி எரிந்தது. விளக்கெல்லாம் அணைந்துபோன இருட்டில் முதலில் வந்து சேர்ந்தவர்கள் ஊர்க்காரர்கள். கையில் செல்போன் வெளிச்சம், தண்ணீர்க் குடம். பாஷை தெரியாத பயணிகளைக் கைபிடித்து இறக்கினார்கள். பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் பாய் விரிந்தது. காயம்பட்டவர்கள் உண்டு, ஆனால் உயிர் ஒன்றும் போகவில்லை. அந்தச் சேதியை அன்றிரவு டிவியில் யாரும் சட்டென நம்பவில்லை.

## பச்சை விழுந்தும் பாதை மாறியது எப்படி?

மறுநாள் டீக்கடைகளில் எல்லாரும் கேட்ட கேள்வி இதுதான். என்னைப் போன்ற ரயில் பைத்தியங்களுக்கு வேறு கேள்வியே இல்லை.

பிள்ளைகளுக்கு வாங்கித் தரும் பிளாஸ்டிக் ரயில் செட்டில், ஒரு வழி இரண்டாகப் பிரியும் துண்டு ஒன்று இருக்கும். நிஜத்திலும் அதேதான். பேனா நிப்பு மாதிரி கூராகச் சீவிய இரண்டு இரும்பு நாக்குகள். அவை இந்தப் பக்கம் ஒட்டினால் மெயின் லைன், அந்தப் பக்கம் ஒட்டினால் லூப் லைன். ரயில்வேக்காரர்கள் இதைப் ‘பாயிண்ட்’ என்பார்கள். நூறு கிலோமீட்டருக்கு மேல் வரும் நூற்றுக்கணக்கான டன், அந்த நாக்கு சொல்கிற பக்கம்தான் போகும். டிரைவரிடம் ஸ்டியரிங் இல்லை.

அதனால்தான் நாக்கையும் சிக்னலையும் சேர்த்துப் பூட்டி வைத்திருக்கிறார்கள். இதற்குப் பெயர் இன்டர்லாக்கிங். நாக்கு தண்டவாளத்தோடு சரியாக ஒட்டி, பூட்டும் விழுந்தால் மட்டுமே பச்சை வரவேண்டும். நடுவில் 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஓர் இரும்புத் துண்டு மாட்டியிருந்தால்கூடப் பூட்டு விழக்கூடாது என்பது விதி. அதே தடிமனில் ஒரு துண்டை வைத்துத்தான் ஊழியர்கள் சோதித்தும் பார்ப்பார்கள்.

இந்த ஏற்பாடு இரண்டு விதத்தில் ஏமாறலாம். ஒன்று, நாக்கு எங்கே இருக்கிறது என்று சொல்லும் ஒயர் பொய் சொல்வது. 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாலசோர் அருகே பாஹாநாகா பஜாரில் நடந்தது அது. சிக்னல் வேலையில் முன்பு நடந்த ஒயரிங் தவறு, பச்சையை நேருக்குக் காட்டி வண்டியை லூப்பில் தள்ளியது. இரும்புத் தாது ஏற்றி நின்ற சரக்கு ரயிலில் மோதியது சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ். 290-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த வண்டி தினமும் சென்ட்ரலுக்கு வருவதும் இதே கவரைப்பேட்டை வழியாகத்தான்.

இரண்டாவது விதம், ஒயர் நிஜத்தைச் சொல்லும், இரும்பே கழன்றிருக்கும். கவரைப்பேட்டையில் பாயிண்ட் பகுதியில் போல்ட், நட்டுகள் கழற்றப்பட்டிருந்ததாக விசாரணை போனது. ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் அறிக்கை இதை நாசவேலை என்ற கணக்கில் வைத்ததாக 2025-ல் செய்திகள் வந்தன.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் ‘கவச் இருந்திருந்தால்...’ என்று டிவி விவாதங்களில் அடித்துப் பேசுகிறார்கள். கவச் நல்ல கருவிதான். டிரைவர் சிவப்பைத் தாண்டினால் அது பிரேக் போடும். ஒரே லைனில் இரண்டு வண்டி வந்தால் தடுக்கும். ஆனால் அது படிப்பது சிக்னலை. சிக்னல் பச்சை என்றால் கவச்சுக்கும் பச்சைதான். கழன்ற போல்ட்டைக் கண்டுபிடிக்கும் கருவி, கையில் ஸ்பேனரும் சுத்தியலும் சிவப்புக் கொடியுமாகத் தினமும் லைனில் நடந்து போகிற கீமேனின் கண். அந்தக் கண்ணுக்கு எத்தனை கிலோமீட்டர் ஒதுக்கியிருக்கிறோம், எத்தனை பணியிடம் காலியாக இருக்கிறது என்ற பேச்சை ஸ்டூடியோக்களில் நான் கேட்டதில்லை.

## பெட்டி காப்பாற்றிய கதை

பாலசோரில் நடந்தது மாதிரியே லூப்பில் மோதல். இங்கே ஏன் உயிர்ச்சேதம் இல்லை? வேகம் குறைவு என்பது பெரிய காரணம். பாலசோரில் வண்டி கிட்டத்தட்ட 128 கிலோமீட்டரில் வந்தது, இங்கே 75. மோதலின் உக்கிரம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பதால் இது இரண்டில் ஒரு பங்கு அடி அல்ல, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு.

பாலசோர் ஒப்பீட்டை விட்டுப் பார்த்தால், பெட்டிக்கும் ஒரு பங்கு உண்டு. பழைய நீல நிறப் பெட்டிகளை நினைத்துப் பாருங்கள். முனையில் இரண்டு பக்கமும் குடை மாதிரி பஃபர், நடுவில் திருகிப் பூட்டும் கொக்கி. மோதினால் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். ஒன்றுக்குள் ஒன்று டெலஸ்கோப் மாதிரி நுழையும். அந்த நசுங்கலில் சாகிறவர்கள்தான் அதிகம். இப்போது வரும் எல்.எச்.பி. பெட்டிகள் ஜெர்மனி வடிவமைப்பு. நடுவில் ஒரே கப்ளிங், கை கோத்த மாதிரி இறுக்கமாகப் பிடிக்கும். பெட்டி பெட்டியின்மேல் ஏறுவதைக் கூடியமட்டும் தடுக்கும். கவரைப்பேட்டைப் படங்களைப் பாருங்கள்: பெட்டிகள் பக்கவாட்டில் சாய்ந்து, கோணல்மாணலாகக் கிடக்கின்றன. நசுங்கியவை குறைவு.

அந்த நீலப் பெட்டியைப் பெற்றெடுத்ததும் நம் ஊர்தான். பெரம்பூர் ஐ.சி.எஃப்., சுவிட்சர்லாந்து வடிவமைப்பில், 1955 அக்டோபர் 2 அன்று நேருவால் தொடங்கிவைக்கப்பட்டது. அறுபது வருஷத்துக்கு மேல் அந்தப் பெட்டியைச் செய்துவிட்டு, 2018 ஜனவரியில் கடைசிப் பெட்டியை அனுப்பியது. அதே வருஷம் வந்தே பாரத்தையும் வெளியே விட்டது.

▪ பெட்டிக்கு மறுபிறவி
வயதான நீலப் பெட்டிகளை ரயில்வே சும்மா உடைப்பதில்லை. ஜன்னல்களை இரும்புத் தகட்டால் அடைத்து, சீட்டுகளைப் பிடுங்கி, முனையில் கதவு வைத்தால் அது கார் ஏற்றும் வண்டி. ரயில்வேயில் இதற்கு ‘என்.எம்.ஜி.’ என்று பெயர். ஒரு காலத்தில் உங்கள் தாத்தா மேல் பர்த்தில் தூங்கிக்கொண்டு போன அதே பெட்டியில் இப்போது புது கார்கள் தூங்கிக்கொண்டு போகின்றன.

## ஞாயிற்றுக்கிழமை கரும்புகை

அடுத்தது மேற்குப் பாதை. 2025 ஜூலை 13, ஞாயிறு அதிகாலை. வடசென்னையிலிருந்து டீசல் ஏற்றிப் புறப்பட்ட 52 டேங்கர் கொண்ட சரக்கு ரயில், திருவள்ளூருக்குப் பக்கத்தில் ஏகாட்டூர் அருகே தடம் புரண்டு தீப்பிடித்தது. ஒரு டேங்கருக்குச் சுமார் 70,000 லிட்டர். ஒன்று பற்றி அடுத்ததைத் தொட்டு, மொத்தம் 18 டேங்கர்கள் எரிந்தன. மேலே மின்கம்பிகள் உருகி அறுந்தன. பக்கத்துத் தெருக்களில் வீடுகளைக் காலி செய்யச் சொன்னார்கள். சமையல் காஸ் சிலிண்டர்களை முதலில் வெளியே தூக்கிப்போட்டார்கள். சென்னையிலிருந்து கோவை, பெங்களூரு, மும்பை எல்லாம் போகிற வண்டிகள் ரத்தாயின, அல்லது எங்கெங்கோ சுற்றிப் போயின.

அந்தக் கரும்புகைக்கு அடியில் கிடந்தது சாதாரணப் பாதை அல்ல. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை.

▪ இரண்டு பாதைகள்
மேற்கே: 1856 ஜூன் 28 அன்று ராயபுரம் நிலையத்தை ஆளுநர் ஹாரிஸ் பிரபு திறந்துவைத்தார். அவரும் முந்நூறு ஐரோப்பியர்களும் ஒரு வண்டியில் போக, அன்றே இன்னொரு வண்டி திருவள்ளூர் வரை ஓடியது. பெட்டிகளைச் செய்தது சிம்ப்சன் கம்பெனி. வாலாஜா ரோடு வரையிலான வழக்கமான போக்குவரத்து ஜூலை 1-ல் தொடங்கியது. இந்தியாவில் பம்பாய், கல்கத்தாவுக்கு அடுத்து மூன்றாவது.
வடக்கே: மெட்ராஸையும் பெஜவாடாவையும் (விஜயவாடா) இணைக்கும் பாதை 1899-ல் முடிந்தது. கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் இரண்டு பாதைகளிலும் மின்சார ரயில் வந்த வருஷம் 1979.

## யாருக்கு யார் வழி விடுவது?

விபத்து என்றால் கேமராக்கள் வருகின்றன. விபத்து இல்லாத மற்ற நாட்களில் இந்தப் பாதையில் என்ன நடக்கிறது என்பதுதான் பெரிய கதை. அதைப் பார்க்கக் கேமரா தேவையில்லை. ஒரு வேலைநாள் காலையில் கும்மிடிப்பூண்டி லோக்கல் ஏறினால் போதும்.

கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், விம்கோ நகர், எண்ணூர் தாண்டி, கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தின் உப்புக் காற்று முகத்தில் அடிக்கும்போது கூட்டம் மாறும். டிபன் பாக்ஸ், ஐ.டி. கார்டு, தோளில் பாதுகாப்பு ஷூ தொங்கும் பை. தமிழுக்கு இணையாக ஒடியாவும் இந்தியும் காதில் விழும். எல்லாரும் வாட்ச்சைப் பார்ப்பார்கள். மீஞ்சூரிலோ பொன்னேரியிலோ வண்டி திடீரென்று நிற்கும். பக்கத்துப் பயணி தலையைத் தூக்காமலே சொல்வார்: “லூப்புல போட்டுட்டான்.”

அப்புறம் ஜன்னலுக்கு வெளியே ஒரு சூறாவளி. வடக்கே போகும் ஏதோ ஓர் எக்ஸ்பிரஸ். அது கடந்து, தூசி அடங்கி, மறுபடி பச்சை விழுந்து வண்டி கிளம்பும்போது ஷிப்ட் பெல் அடித்திருக்கும். கான்ட்ராக்ட் தொழிலாளிக்குத் தாமதம் என்றால் அரை நாள் சம்பளம். டெல்லி வண்டி பத்து நிமிஷம் லேட்டானால் பேப்பரில் வரும். லோக்கல் லேட்டானால் அவர் வீட்டு மளிகைக் கணக்கில்தான் வரும்.

மேற்கே அரக்கோணம் பக்கம் விரைவு வண்டிக்கு ஒரு ஜோடி, லோக்கலுக்கு ஒரு ஜோடி என நான்கு லைன்கள் உண்டு. வடக்கே அத்திப்பட்டைத் தாண்டிவிட்டால் எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஜோடிதான். டெல்லி, ஹவுரா, ஹைதராபாத் வண்டிகள், லோக்கல், மெமு, சிமெண்ட், உரம், இரும்பு, கன்டெய்னர் எல்லாம் அதில்தான். 2001-ல் தொடங்கிய எண்ணூர் காமராஜர் துறைமுகம், அதன் பக்கத்தில் காட்டுப்பள்ளி, வல்லூர் 1,500 மெகாவாட் அனல்மின் நிலையம், கும்மிடிப்பூண்டி சிப்காட், எல்லை தாண்டினால் ஸ்ரீசிட்டி. இத்தனையும் வந்துவிட்டது. அவற்றுக்கு நடுவே ஓடும் ரயில் பாதை மட்டும் அத்திப்பட்டுக்கு வடக்கே இன்னும் இரண்டு லைனாகவே இருக்கிறது. மூன்றாவது, நான்காவது பாதை என்ற பேச்சு பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் வருகிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2022-ல் சென்னை – கூடூர் பாதையில் வேகத்தை மணிக்கு 130 கிலோமீட்டராக ஏற்றினார்கள். வேகம் ஏறினால் லைனில் இடம் கூடும் என்றுதானே தோன்றும்? நடப்பது தலைகீழ். ஒற்றை வண்டிப்பாதையில் மாட்டுவண்டி மட்டும் போனால் வரிசையாகப் பத்து போகலாம். பைக் மட்டும் போனாலும் அப்படித்தான். மாட்டுவண்டிக்குப் பின்னால் பைக் வந்தால்தான் சிக்கல். பைக்குக்கு வழிவிட மாட்டுவண்டி வயலில் இறங்கி நிற்கவேண்டும். பைக் எவ்வளவு வேகமோ, அவ்வளவு முன்கூட்டியே இறங்கவேண்டும். எல்லா ஸ்டேஷனிலும் நின்று போகும் லோக்கலும், நிற்காமல் 130-ல் வரும் எக்ஸ்பிரஸும் ஒரே லைனில் என்றால், வயலில் இறங்குவது எப்போதும் லோக்கல்தான். லூப் லைன்தான் அந்த வயல்.

பாயிண்ட் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் தேய்கிறது. லூப்பைச் சார்ந்தே பிழைக்கிற பாதையில் பாயிண்ட்டுக்கு ஓய்வே இல்லை. அதைச் சரிபார்க்க லைனை நிறுத்தி நேரம் ஒதுக்கவும் இடமில்லை. கவரைப்பேட்டையில் நடந்தது நாசவேலை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் லூப்பில் ஒரு சரக்கு ரயில் காத்திருந்ததற்குக் காரணம் நாசக்காரன் அல்லவே! நான்கு லைன் உள்ள இடத்தில் ஒருவன் போல்ட்டைக் கழற்றினால் வண்டி தடம் புரளும். எதிரே மோதுவதற்கு ஒரு சரக்கு ரயில் நின்றுகொண்டிருக்கும் வாய்ப்பு குறைவு.

சென்னையின் முதல் ஏ.சி. புறநகர் ரயில், ஐ.சி.எஃப்.-பில் செய்தது, 2025 ஏப்ரலில் ஓடத் தொடங்கியது. எந்தப் பாதையில்? கடற்கரை – செங்கல்பட்டு. தெற்கே ஐ.டி. கம்பெனி, வடக்கே இரும்புக் கம்பெனி. வேர்வை எங்கே அதிகம் என்று யாரும் அளந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

## 14-ம் நம்பர் பாலம்

பாலம் என்றதும் பாம்பன் நினைவுக்கு வரும். 1914-ல் கட்டிய பழையது, 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதியது. கப்பல் வந்தால் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே மேலே ஏறும். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் திருவள்ளூர் ரயில் பயணிக்கு மனப்பாடமான பாலம் ஒன்று உண்டு. அதற்குப் பெயர்கூடக் கிடையாது, நம்பர்தான்: பேசின் பிரிட்ஜுக்கும் வியாசர்பாடிக்கும் நடுவே 14-ம் நம்பர் பாலம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அந்தப் பாலத்தில் வெள்ளம் ஏறியது. சென்ட்ரலின் மென்னியைப் பிடித்த மாதிரி ஆயிற்று. வண்டிகள் ஆவடியோடு, திருவள்ளூரோடு நின்றன. நாட்டின் மறுகோடியிலிருந்து வந்தவர்கள் மழையில் மூட்டை முடிச்சோடு ஆவடியில் இறங்கி ஆட்டோ தேடினார்கள். அதற்குப் பிறகும் வானிலை மையம் ரெட் அலர்ட் கொடுத்தால் ரயில் ரசிகர்கள் முதலில் கேட்பது அணையின் நீர்மட்டத்தை அல்ல, “பதினாலு எப்படி இருக்கு?” என்பதைத்தான்.

திருவள்ளூர் மாவட்டத்துக்குள் பாலத்தின் கதை இன்னும் எளிமையானது. இங்கே ஊருக்கு ஊர் தரைப்பாலம். ஆந்திராவில் பிச்சாட்டூர் அணை திறந்தால் ஆரணியாறு பெருகும், தரைப்பாலம் மூழ்கும், அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் லீவு. ஊத்துக்கோட்டையில் வருஷக்கணக்கில் இதைப் பார்த்த பிறகுதான் உயர்மட்டப் பாலம் வந்தது.

ரயில் பாதையைக் கடக்கும் மேம்பாலமும் நடைமேம்பாலமும் வேறு கதை. லூப்பில் ஒரு நீளமான சரக்கு ரயில் நின்றால், ஸ்டேஷனுக்கும் ஊருக்கும் நடுவே ஒரு சுவர் எழுந்துவிடும். ஷிப்ட் முடிந்து வருகிறவன் படிக்கட்டு ஏறிச் சுற்றிப் போவானா? இரண்டு வேகனுக்கு நடுவே கப்ளிங்கைப் பிடித்துத் தாண்டுவான். இல்லையென்றால் குனிந்து அடியில் நுழைவான். சரக்கு ரயில் கிளம்பும்போது ஹாரன் முன்னால் அரை கிலோமீட்டர் தூரத்தில் கேட்கும். பின்னால் நிற்கிறவனுக்குச் சக்கரம் நகர்வதுதான் ஹாரன். இதற்கு விபத்து விசாரணைக் கமிஷன் உட்காருவதில்லை.

## லாரியில் போகும் ரயில்

இந்த இரண்டு பாதையோரமும் நின்று பார்த்தால் இந்தியாவில் ஓடுகிற சக்கரங்களில் பாதி இங்கேதான் பிறந்ததோ என்று தோன்றும். எண்ணூரில் 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் முதலில் சேர்த்துக் கட்டியது லாரி அல்ல, ஆஸ்டின் கார். பிறகு அது அசோக் லேலண்ட் ஆனது. ஊர் ஊருக்கு நம் அரசு பஸ்ஸின் அடிக்கட்டை அங்கிருந்து வந்தது. திருவொற்றியூரில் 1955 முதல் என்ஃபீல்டு. ஆவடியில் 1965-ல் விஜயந்தா டாங்கி. திருவள்ளூரில் 1998 முதல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த மிட்சுபிஷி லேன்சர். அந்தக் காலக் கல்லூரி மாணவர்களின் கனவு வண்டி. அம்பாசடரும் செய்த அந்தக் கம்பெனி படுத்தாலும் ஊரின் கார்த் தொழில் படுக்கவில்லை. இன்று சிட்ரோயன் கார்கள் திருவள்ளூரில்தான் தயாராகின்றன. கூடவே கேட்டர்பில்லரின் ராட்சத டம்பர்கள்.

எனக்குப் பிடித்தது இரவில் தெரியும் இன்னொரு காட்சி. தடா பக்கத்தில் ஸ்ரீசிட்டியில் ஆல்ஸ்டாம் ஆலை இருக்கிறது. சிட்னி மெட்ரோவுக்கும் கனடாவின் மான்ட்ரியலுக்கும் ரயில் செய்து அனுப்பிய ஆலை. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்கான டிரைவர் இல்லாத ரயில்களையும் அது செய்கிறது. முதல் வண்டி 2024 அக்டோபரில் பூந்தமல்லி பணிமனைக்கு வந்து சேர்ந்தது. ஆமாம், கவரைப்பேட்டை மோதல் நடந்த அதே மாதம். எப்படி வந்தது? ரயில் பாதையிலா? இல்லை. நீண்ட டிரெய்லர் லாரியில், துணி போர்த்தி, ஜி.என்.டி. ரோடு வழியாக. ரயில் பாதைக்குப் பக்கத்திலேயே, ரயில் ஒன்று லாரியேறிப் போகிறது!

காரணம் அகலம். இந்திய ரயிலின் அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர். சென்னை மெட்ரோ 1,435. கால் மீட்டர் வித்தியாசம். ஒன்றின் தண்டவாளத்தில் மற்றொன்று ஓட முடியாது.

▪ அளவுக் கணக்கு
மாதிரி ரயில் பொழுதுபோக்கில் உலகம் முழுக்கப் பிரபலமான அளவு ‘எச்.ஓ.’, நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. அதன் தண்டவாளம் 16.5 மில்லிமீட்டர். 16.5-ஐ 87-ஆல் பெருக்கினால் 1,435 வரும்; அதாவது ஐரோப்பிய அகலம். நம் அகலப்பாதைக்கு 19 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம் வேண்டும். அதனால் கடையில் கிடைக்கும் தண்டவாளத்தில் நம் எஞ்சினை வைத்தால், பெரிய மனிதர் சின்னச் செருப்பு போட்ட மாதிரி இருக்கும். நம்மூர் வண்டிகளில் அந்தத் தண்டவாளத்துக்குக் கச்சிதமாகப் பொருந்துவது சென்னை மெட்ரோ!

## தீப்பெட்டி, நுங்கு, சக்கரம்

மாதிரி ரயில் வைத்து விளையாடுவது பணக்காரப் பொழுதுபோக்கு என்று பெயர். ஜெர்மனி, சீனாவிலிருந்து வரும் ஒரு நல்ல எஞ்சின் விலைக்கு ஒரு புது சைக்கிளே வாங்கலாம். ஐ.சி.எஃப். பக்கத்தில் 2002-ல் திறந்த ரயில் அருங்காட்சியகத்தில் பெட்டிகளின் மாதிரிகளைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள்; மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நிற்கும் பிள்ளைகளை அங்கே எப்போதும் பார்க்கலாம். பெரம்பூர் பணிமனைக்காரர்கள் ஒருபடி மேலே போய், 1855-ல் லீட்ஸில் செய்த இ.ஐ.ஆர்.-21 என்ற நிஜ நீராவி எஞ்சினையே 2010-ல் உயிர்ப்பித்து ஓட்டிக் காட்டினார்கள். ராயபுரம் ஸ்டேஷனைவிட ஒரு வயது மூத்த எஞ்சின்!

கும்மிடிப்பூண்டி பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் வேண்டியிருக்கவில்லை. பனை இருந்தது. நுங்கு தின்ற கூந்தல் இரண்டு, நடுவே ஒரு குச்சி, தள்ளுவதற்குக் கவட்டைக் கம்பு. நுங்கு வண்டி தயார். ஏற்றத்தில் தள்ளலாம், மணலில் திருப்பலாம். லைசென்ஸ் கேட்க ஆளில்லை.

ரயில் வேண்டும் என்றால் தீப்பெட்டி. விம்கோ நகர் என்ற ஸ்டேஷன் பெயரே தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர்தான். ‘வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி’யின் சுருக்கம். ஒரு தீப்பெட்டிக் கம்பெனியின் பெயரை ரயில் ஸ்டேஷனுக்கும், 2021-லிருந்து மெட்ரோ ஸ்டேஷனுக்கும் வைத்த ஊர் உலகத்தில் வேறு இருக்குமா தெரியாது. லண்டனில் 1953-ல் ‘மேட்ச்பாக்ஸ்’ பொம்மைக் கார்கள் பிறந்த கதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம்: பள்ளிக்கூடத்துக்குத் தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மைதான் கொண்டுவரலாம் என்ற விதிக்காக, பொம்மைக் கம்பெனிக்காரர் ஒருவர் தன் மகளுக்குச் செய்து கொடுத்த குட்டி வண்டியில் தொடங்கிய வியாபாரம் அது. அவர்கள் தீப்பெட்டிக்குள் வண்டியை வைத்தார்கள். நாங்கள் தீப்பெட்டியையே வண்டி ஆக்கினோம்.

உள்பெட்டியைப் பாதி வெளியே இழுத்து அடுத்த பெட்டியின் உறைக்குள் செருகினால் கப்ளிங். பன்னிரண்டு தீப்பெட்டி சேர்ந்தால் எக்ஸ்பிரஸ். முன்னால் நூல் கட்டி இழுத்தால் ஓடும். எல்.எச்.பி. மாதிரியே நடுவில் பிடிப்பு; மோதினால் ஒன்றின்மேல் ஒன்று ஏறாது, ஆனால் ஒன்றுக்குள் ஒன்று நுழையும். சிமெண்ட் தரையின் விரிசல்தான் எங்கள் மெயின் லைன். வாசற்படிக்குப் பக்கத்தில் அது இரண்டாகப் பிரியும். பாயிண்ட் என்று எதுவும் கிடையாது. எதிரே தம்பியின் வண்டி வந்தால், என்னுடையதைக் கையில் தூக்கிப் பக்கத்து விரிசலில் வைத்துவிட்டு, அது போகும்வரை குத்தவைத்துக் காத்திருப்பேன். அவன் சின்னப் பையன், அவனுக்குத்தான் முதலில் வழி விடவேண்டும் என்று அம்மா சொல்லியிருந்தாள்.